தரையைப் பார்த்த கேமரா

அத்தியாயம் 19

போன வாரம் சின்னவளை வி.சி.ஆர். முன்னால் மண்டியிட்ட கோலத்தில் விட்டுவிட்டுப் போனோம். ஏழாம் நம்பர் கேசட்டை அந்தக் கிழட்டு மெஷின் மென்று விழுங்கப் பார்த்தது. அவள் கரண்டிக் காம்பால் நெம்பி அதை வெளியே எடுத்தாள். கேசட் பிழைத்தது, மெஷின் பிழைக்கவில்லை. உயிரை விடுவதற்கு முன் அது ஒரே ஒரு வாக்கியத்தை உளறிவிட்டுப் போயிருந்தது. குரல் பெரியவளுடையது. பெரியவள் என்றால் சின்னவளின் ஓரகத்தி, அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகள்.

"போன் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான். பிறகு கரகர சத்தம், நீலத் திரை.

எந்த போன் என்று இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பீர்கள். பதினான்கு வருடங்களுக்கு முன், அந்த வீட்டுக் கடைக்குட்டிப் பெண்ணுக்குத் தேதி வரை குறித்தாகிவிட்ட கல்யாணம் ஒரு போனில் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டு யாரோ ஒரு பெண் பேசினாள். பெண்ணுக்கு வலிப்பு நோய், மறைத்துக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள் என்றாள். மறுநாளே அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அப்போது வீட்டில் போன் கிடையாது. சின்னவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். அவள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் போன் உண்டு. இது போதாதா? அன்று மாலையே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் 'போன் பண்ணவ'. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணம் நின்றுபோன அந்த நாத்தனார் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மாமியார் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது சின்னவள் தண்ணீர் தம்ளரை நீட்டினாள். அந்த அம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவள் அதே தம்ளரை வாங்கி நீட்டியதும் குடித்தார். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். எதை மறந்தாலும் அந்தத் தம்ளரைச் சின்னவள் மறக்கத் தயாராக இல்லை.

"விடும்மா, நாள் போனா எல்லாரும் மறந்துடுவாங்க" என்பார் அவள் கணவர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர் என்று ஊரெல்லாம் நல்ல பெயர். மனைவிக்காகவும் அவர் சண்டைக்குப் போனதில்லை.

இப்போது பெரியவள் வாயாலேயே வந்துவிட்டது. தெரிந்துகொண்டே பதினான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள், அந்த போனைப் பேசியவளாகவும்தானே இருக்க வேண்டும்? சின்னவளுக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. இரண்டு இரவாக அவள் கறுவிக்கொண்டிருக்கிறாள். மாமனாருக்கு ஞாயிற்றுக்கிழமை எண்பது வயது நிறைகிறது. மொத்தக் குடும்பமும் அவர் வீட்டில் கூடும். பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் டிஸ்க்கில் ஏற்ற வேண்டும், முடிந்ததை அன்று போட்டுக் காட்ட வேண்டும், பிறகு ஆளுக்கு ஒரு செட் கொடுக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. அந்த வேலை சின்னவள் தலையில்தான் விழுந்தது. தானாக வந்து விழுந்த கத்தியை அவள் ஏன் வேண்டாம் என்பாள்?

ஆனால் மாமனார் கூடவே ஒரு குண்டையும் போட்டிருந்தார். மெஷின் வாங்க நாத்தனாரையும் அழைத்துப் போக வேண்டுமாம். "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. நான் கண்ணை மூடறதுக்குள்ள இதையாவது பாக்கறேன்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடை வாசலில், ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். நாத்தனார் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் மேல் ஒரு பரிதாபம். எந்த விசேஷத்திலும் நல்ல நாற்காலி அவளுக்குத்தான். அந்தப் பரிதாபம் பெரிதாகப் பெரிதாக, சின்னவள் மேல் உள்ள பழியும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

கடையில் ஒருவர் ஓடி வந்தார். எதைக் கேட்டாலும் இயக்கிக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார் என்பதால் 'டெமோ' என்று அவருக்குப் பெயர்.

"வாங்க மேடம். ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருக்கீங்களா?"

"ஆமா" என்றாள் சின்னவள்.

"இல்லை" என்றாள் நாத்தனார்.

டெமோ அனுபவசாலி. மேலே கேட்கவில்லை.

"கேசட்டை டிஸ்க்காக்கணும். கம்ப்யூட்டர் எங்களுக்கு வேண்டாம். தனியா ஒரு பெட்டியா இருக்கணும்" என்றாள் சின்னவள்.

"அப்படின்னா இதைப் பாருங்க." அகலமான ஒரு மெஷினைத் தட்டினார் டெமோ. "இடது பக்கம் கேசட் போடற வாய். வலது பக்கம் டிஸ்க் போடற தட்டு. நடுவுல ஒரே பட்டன். அழுத்தினா கேசட்ல இருக்கறது அப்படியே டிஸ்க்குக்குப் போயிடும். ரெண்டு மணி நேர கேசட்டுக்கு ரெண்டு மணி நேரம். நீங்க உங்க வேலையைப் பாக்கலாம்."

நாத்தனார் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "இதுல வேண்டாததை வெட்ட முடியுமா?"

"முடியாதுங்க. இருக்கறது இருக்கறபடிதான் வரும். வெட்டணும்னா இதோ, ஹார்டு டிஸ்க் வெச்சது." பக்கத்தில் ஒல்லியான ஒரு கறுப்புப் பெட்டி. "முதல்ல எல்லாத்தையும் உள்ளே ஏத்திக்கலாம். வேண்டாததைத் தூக்கலாம், முன்னே பின்னே மாத்தலாம். அப்புறமா டிஸ்க்ல அடிக்கலாம். எத்தனை செட் வேணும்னாலும் சீக்கிரமா அடிச்சுத் தரும். வேலை தெரிஞ்சவங்க இதைத்தான் வாங்குவாங்க."

"இது நல்லா இருக்கு" என்றாள் நாத்தனார்.

"அதுல கேசட் போட எடம் இருக்கா?" என்றாள் சின்னவள்.

"இல்லைங்க. வி.சி.ஆர். தனியா வேணும். அதுலேருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு வயரை இங்க பின்னாடி சொருகணும்."

"எங்க வி.சி.ஆர். செத்துப்போச்சு."

"என் வீட்டுல நல்லா ஓடற வி.சி.ஆர். இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் நாத்தனார், டெமோவின் சட்டைப் பித்தானைப் பார்த்து. "மெஷின் என் வீட்டுக்கே வரட்டும். மொத்த வேலையும் நானே பாத்துக்கறேன்."

"கேசட் எல்லாம் என்கிட்ட இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"கேசட்டை என்கிட்ட குடுத்துடச் சொல்லுங்க."

"மாமா வேலையை என்கிட்டதான் குடுத்தார்னு சொல்லுங்க."

டெமோவின் கழுத்து மேஜை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. "மேடம், ரெண்டு பேரும் ரெண்டடி தூரத்துலதான் நிக்கறீங்க. என் காது ஒண்ணும் மோசமில்லை, ஆனா தொண்டை ஒண்ணுதான் இருக்கு. ஒரு கேசட் வெச்சிருந்தா குடுங்க, போட்டுப் பாத்துடுவோம்."

சின்னவள் கைப்பையிலிருந்து மூன்றாம் நம்பரை எடுத்தாள். ஏழாம் நம்பரை வீட்டு அலமாரியில் பூட்டிவிட்டு வந்திருந்தாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு.

டெமோ அகல மெஷினில் கேசட்டைப் போட்டார். கடையிலிருந்த பெரிய டி.வி.யில் ஒரு தரை தெரிந்தது. நாற்காலிக் கால் ஒன்று. ஒரு ஜோடி செருப்பு குறுக்கே நடந்து போனது. மறுபடியும் தரை.

"டேப் கெட்டுப்போச்சுங்க."

"இல்லைங்க, எங்க அண்ணன் எடுத்தது" என்றாள் நாத்தனார்.

"மூத்தவர் எடுத்தா இப்படித்தான்" என்றாள் சின்னவள், அதே நொடியில்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே அதை விழுங்கிவிட்டார்கள்.

பெரியவளின் கணவரான அந்த மூத்தவருக்குக் குடும்பத்தில் 'டைரக்டர்' என்று பெயர். தங்கை கல்யாணத்தைப் படம் பிடிக்கவென்றே கேமரா வாங்கினார். கல்யாணம் நின்றது, அவர் நிற்கவில்லை. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்றுவிட்டது என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சாலையில் சிவப்பு என்றால் நில் தானே? அதனால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, கண்ணில் வைத்து அவர் எடுத்தபோதெல்லாம் கேமரா தூங்கியது. சிவப்பு விளக்கை எரியவிட்டு எங்காவது சாய்த்து வைத்தபோதெல்லாம் விழித்துக்கொண்டு ஓடியது. ஒன்பது கேசட். மனித முகம் என்று எதுவும் கிடையாது. தரை, கால், மேஜையின் அடிப்பாகம், பையின் உட்புறம். ஆனால் குரல்கள் மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தன. கேமரா இல்லை என்ற நினைப்பில் மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படி.

"இதைத்தான் சொல்றேன்" என்றாள் நாத்தனார் டெமோவிடம். "யாரு ரெண்டு மணி நேரம் தரையைப் பாப்பாங்க? வெட்டத்தான் வேணும். அந்தக் கறுப்புப் பெட்டியையே கட்டுங்க."

நியாயமான பேச்சுதான். வேறு யார் சொல்லியிருந்தாலும் சின்னவள் ஒப்புக்கொண்டிருப்பாள். ஆனால் இது பெரியவள் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பாடம் என்று அவளுக்குப் பட்டது. பெரியவளும் நாத்தனாரும் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருப்பவர்கள். பெரியவள் வெட்டச் சொல்லியிருக்கிறாள், இவள் காரணம் தெரியாமல் வந்து மல்லுக்கு நிற்கிறாள். சின்னவளுக்கு நாத்தனார் மேல் கொஞ்சம் இரக்கம் கூட வந்தது. ஞாயிற்றுக்கிழமை இவளும் கேட்பாள் இல்லையா? தன் வாழ்க்கையைக் கெடுத்தவள் யார் என்று தெரிந்ததும் என்னிடம் ஓடி வந்து அழுவாள் இல்லையா? அழட்டும். உடனே மன்னிக்கக் கூடாது. ஒரு மாதமாவது காக்க வைக்க வேண்டும்.

டி.வி.யில் தரைக்கு மேலே எங்கிருந்தோ மாமியாரின் குரல் கேட்டது. "இந்தத் தட்டை யாரு வழியில வெச்சது? யாராவது தடுக்கி விழறதுக்கா?"

நாத்தனார் கை சட்டென்று வாய்க்குப் போனது. அம்மாவின் குரலைக் கேட்டு ஆறு வருடம் ஆகிறது. சின்னவளுக்குத் தம்ளர்தான் ஞாபகம் வந்தது.

அவள் செல்லை எடுத்து மாமனாரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "மாமா, தரையா வர்ற எடத்தையெல்லாம் வெட்டிடலாம்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?"

"யாரு சொல்றது?" என்று சீறினார் கிழவர். "எனக்குப் படமா தெரியப்போகுது? ரெண்டு கண்ணுலயும் வெறும் வெளிச்சம்தான் மிச்சம். குரல்தாம்மா எனக்கு வேணும். உங்க அத்தை எந்த மூலையில நின்னு என்ன பேசியிருக்காளோ, யாரு கண்டா? ஒரு இருமலைக்கூட வெட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

சின்னவள் செல்லை மூடினாள். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. சின்னவள் அதைத் தோல்வி என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்த அகல மெஷினையே கட்டுங்க" என்றாள் டெமோவிடம். வெற்று டிஸ்க்குகளும் ஒரு டப்பா வாங்கினாள்.

டெமோ அட்டைப்பெட்டியில் கயிறு போட்டபடி சொன்னார். "ரெண்டு மணி நேர அளவுல வெச்சுப் பதிவு பண்ணுங்க. அதுக்கு மேல நீட்டினா படம் கலங்கும். முடிஞ்சதும் பைனலைஸ் பண்ணவான்னு கேக்கும். ஆமான்னு குடுங்க. குடுக்காம விட்டா டிஸ்க் இந்த மெஷின்ல மட்டும்தான் ஓடும், வேற வீட்டுல ஓடாது. குடுத்துட்டா எங்க வேணும்னாலும் ஓடும். ஆனா அதுக்கப்புறம் அதுல கை வைக்க முடியாது."

"கை வைக்கவே வேண்டாம்" என்றாள் சின்னவள்.

மதியம் இரண்டு மணிக்கு மெஷின் அவள் கூடத்தில், டி.வி.க்குக் கீழே உட்கார்ந்திருந்தது. மற்ற எட்டும் காத்திருக்கட்டும் என்று ஏழாம் நம்பரைத்தான் முதலில் போட்டாள். பட்டனை அழுத்தினாள். அவளுக்கு வேண்டிய இடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருக்கிறது. பதினான்கு வருடம் பொறுத்தவளுக்கு ஒரு மணி நேரம் பெரிதா?

காத்திருந்த நேரத்தில் அவள் ஞாயிற்றுக்கிழமையைத் திட்டம் போட்டாள். பெரியவளை டி.வி.க்கு நேர் எதிரே உட்கார வைக்க வேண்டும். சத்தத்தை நன்றாக உயர்த்தி வைக்க வேண்டும். அந்த வாக்கியம் வந்ததும் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். தொண்டை காய்ந்து தவிப்பாள். அப்போது எழுந்து போய், எல்லோரும் பார்க்க, ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டி, "குடிங்கக்கா, என் கையால குடிங்க" என்று சொல்ல வேண்டும். நினைக்கும்போதே உடம்பெல்லாம் குளிர்ந்தது.

மடியில் நோட்டும் பென்சிலும் வைத்திருந்தாள். யாராவது பேசினால் எழுதிக்கொள்வது அவளுக்குத் தொழில். வழக்கில் யார் அழுதாலும் யார் கத்தினாலும் அவள் கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பொருள் பிறகுதான் மனதில் ஏறும்.

திரையில் சாமான் அறைத் தரை வந்தது. இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்றில் கட்டைவிரலில் கட்டுப் போட்டிருந்தது. அது பெரியவள். இன்னொன்றில் நீலச் செருப்பு.

"போன் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியும்."

பென்சில் ஓடியது.

"மாடியில துணி எடுக்கப் போனப்ப பாத்தேன். தெருமுனை பூத்துல மூக்கைப் பொத்திக்கிட்டு நீ பேசிட்டிருந்தே."

நீலச் செருப்பு ஓரடி பின்னால் நகர்ந்தது. பிறகு மெல்லிய குரல் ஒன்று. இருபத்துநான்கு வயது நாத்தனாரின் குரல். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. கொன்னே போட்டுடுவார்."

"எதுக்குடி இப்படிப் பண்ணே?"

"நான் படிப்பை முடிக்கணும். கல்யாணம் வேண்டாம்னு பத்துத் தடவை சொன்னேன். இந்த வீட்டுல யாரு கேட்டீங்க?"

"சரி, நான் சொல்லலை. ஆனா உங்கப்பா விடமாட்டார். யாருன்னு கண்டுபிடிக்காம சாப்பாட்டுல உக்கார மாட்டேன்னு கத்திட்டிருக்கார்."

எங்கோ ஒரு பாத்திரம் உருண்டது.

"சின்ன அண்ணி ஆபீஸ்ல போன் இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்கு?"

"அவங்கன்னு சொல்லிடுங்க. அவங்க எதுத்துப் பேச மாட்டாங்க."

"பாவம்டி அவ" என்றாள் பெரியவள். பிறகு, "சரி" என்றாள்.

பென்சில் நின்றுவிட்டது. எழுதியதைச் சின்னவள் படித்தாள். வேறு யாரோ எழுதியது போல் இருந்தது. யாருக்காக ஒரு மாதக் காத்திருப்பு ஒதுக்கி வைத்திருந்தாளோ அவள்தான் போன் பண்ணியவள். யாரைத் தண்ணீருக்குத் தவிக்க வைக்க நினைத்தாளோ, அவளாவது 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. பதினான்கு வருடம்! நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருடைய பரிதாபத்தையும் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே! திருப்பிக்கொள்ள வேண்டியது யார்?

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. மருந்துக்கடையைப் பாதி ஷட்டரில் விட்டுவிட்டு நாத்தனார் வந்திருந்தாள். அழைப்பு மணியை அழுத்தவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே வந்தாள்.

"அண்ணி." பதினான்கு வருடத்தில் முதல் வார்த்தை. "ஏழாம் நம்பரைப் போட்டுட்டீங்களா?"

சின்னவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். சுருக்கெழுத்து நாத்தனாருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விளங்கிவிட்டது.

"அன்னைக்கு வெளிய வர்றப்பதான் சிவப்பு விளக்கைப் பாத்தேன். அது ஓடுதுன்னு எனக்குத் தெரியும். பெரிய அண்ணன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன், அந்த கேசட்டைக் குடுன்னு. பூட்டி வெச்சுக்கிட்டார்."

"அதான் வெட்டற மெஷின் வேணும்னியா?"

"அண்ணி, அப்பாவுக்கு எண்பது வயசு. இதைக் கேட்டா தாங்க மாட்டார். கடைசியில அந்த பைனலைஸ் கேட்டா வேண்டாம்னு குடுத்துடுங்க. டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அத்தை என் கையால தண்ணி வாங்கிக்கலை. ஞாபகம் இருக்கா? நீ கட்டில் தலைமாட்டுலதான் நின்னுட்டிருந்தே."

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். "அப்ப சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துது அண்ணி."

"வரலையே."

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். நீங்க பண்ணலைன்னு சொல்லிடறேன். சத்தியமா."

"நான் பண்ணலைன்னா, யாரு பண்ணாங்கன்னு கேப்பாங்களே?"

நாத்தனார் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"சொல்லு" என்றாள் சின்னவள். "யாரைச் சொல்லப்போறே? எதுத்துப் பேசாத ஆளு வேற யாராவது கைவசம் இருக்காங்களா?"

டி.வி.யில் காலியான தரை மட்டும் தெரிந்தது. தூரத்தில் மாமியார் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெஷின் தன் பாட்டுக்கு எல்லாவற்றையும் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தது.

"என் மேல கோபம்னா என்னை அடிங்க" என்றாள் நாத்தனார்.

"அடிக்கறதா? அடிச்சா அரை நாள்ல ஆறிடும்" என்றாள் சின்னவள். "நீ நாளைக்கு வரணும். அதே நல்ல நாற்காலியில உக்காரணும். மாமா பக்கத்துலயே."

அந்த நேரத்தில்தான் அவள் கணவர் உள்ளே வந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை. கையில் டூல் பை. தங்கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, வழி தெரிஞ்சு வந்துட்டியா? வா வா. நான் சொல்லலை, நாள் போனா எல்லாம் சரியாயிடும்னு?" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம்தான் தங்கையின் கண்ணைப் பார்த்தார். "என்னாச்சு? ஏன் அழறே?"

அவர் டி.வி.யைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஓரத்தில் சாமான் அறை அலமாரியின் கால் தெரிந்தது.

சின்னவள் நோட்டை எடுத்தாள். நீதிபதி கேட்டால் எப்படி வாசிப்பாளோ அப்படி, ஏற்ற இறக்கம் இல்லாமல், முதல் வரியிலிருந்து வாசித்தாள். பூத். மூக்கைப் பொத்திக்கொண்டது. படிப்பு. ஆபீஸ் போன். "அவங்கன்னு சொல்லிடுங்க. அவங்க எதுத்துப் பேச மாட்டாங்க."

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தத் தெரியாத மனிதர்தான், ஆனாலும் தங்கையைப் பார்த்து ஏன்டி என்று ஒரு வார்த்தையாவது கேட்பார். இத்தனை வருடத்தில் எனக்காக ஒரே ஒரு தடவை. அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

அவர் டூல் பையை மெல்லக் கீழே வைத்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனால் அதில் ஆச்சரியம் இல்லை. மனைவியைப் பார்க்காமல் தங்கையிடம் கேட்டார்.

"அதுக்கப்புறம் நான் உன்னை மறுபடி உள்ள கூட்டிட்டுப் போய்ப் பேசினேனே, அதுவும் இதுல வருதா?"

நாத்தனார் தலை குனிந்தாள்.

சின்னவள் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். பென்சில் முனையைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து வந்து, டி.வி.க்கு நேர் எதிரே போட்டாள்.

"உக்காருங்க" என்றாள் கணவரிடம். "இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."